வேட்பாளர் எழுதியதை வாக்காளரிடம் கொண்டுபோனவர்கள்: ஏடிஆர் அமைப்பு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட மறுநாளே பல தொண்டு நிறுவனங்களில் ஒரு மௌனம் வந்துவிடும். குடிநீருக்காக மாதக்கணக்கில் மனு கொடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட, "தேர்தல் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று கோப்பைக் கட்டி வைத்துவிடுவார்கள். பதிவு ரத்தாகிவிடுமோ, வருமான வரித்துறையிலிருந்து கடிதம் வருமோ, ஏதோ ஒரு கட்சியின் ஆள் என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் வேட்பாளர்கள் தெருவில் இறங்கி, யார் என்ன சொன்னாலும் நின்று கேட்கிற அந்த இரண்டு மூன்று வாரங்களில் வாயை மூடிக்கொள்வது பெரிய இழப்பு. எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்ற கோடு எங்கே போகிறது என்று தெரியாததால்தான் பாதி இழப்பு நடக்கிறது.

அந்தக் கோட்டைத் தெளிவாகப் பார்த்து, அதன் மேலேயே நடந்து கால் நூற்றாண்டு வேலை செய்த ஒரு அமைப்பை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம், சுருக்கமாக ஏடிஆர். யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று அது சொல்வதில்லை. ஆனால் இன்று சட்டமன்றத்துக்கோ மக்களவைக்கோ யார் வேட்புமனு தாக்கல் செய்தாலும், அதோடு சேர்த்துத் தன் வழக்குகளையும் சொத்துகளையும் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறதே, அது அந்த அமைப்பு போட்ட வழக்கில் தொடங்கியது.

பேராசிரியர்கள் போட்ட வழக்கு

1999-ல் அகமதாபாத் ஐஐஎம் பேராசிரியர்கள் சிலர் சேர்ந்து தொடங்கியதுதான் ஏடிஆர். திரிலோசன் சாஸ்திரி, ஜக்தீப் சோக்கர் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். அந்த ஆண்டுதான் சட்ட ஆணையம் தேர்தல் சட்டச் சீர்திருத்தம் பற்றிய தன் 170-ஆவது அறிக்கையைக் கொடுத்திருந்தது. அரசியலில் குற்றவாளிகளின் செல்வாக்கு பற்றி 1993-லேயே வோரா கமிட்டி எச்சரித்திருந்தது. அறிக்கைகள் இருந்தன, யாரும் அவற்றைத் தொடவில்லை.

பேராசிரியர்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார்கள். அவர்கள் கேட்டதைக் கவனிக்க வேண்டும். குற்ற வழக்கு உள்ளவர் போட்டியிடக் கூடாது என்று கேட்கவில்லை. பணக்காரர்களைத் தடுக்கச் சொல்லவில்லை. வேட்பாளர் மீது என்ன வழக்கு இருக்கிறது, அவரிடம் என்ன சொத்து இருக்கிறது, என்ன படித்திருக்கிறார் என்பதை ஓட்டுப் போடுகிறவருக்குச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டார்கள். இவ்வளவு சின்னதாகக் கேட்டதுதான் இந்த வழக்கின் பலம். தடை கேட்டிருந்தால், "நிரூபிக்கப்படாத குற்றத்துக்காக ஒருவரின் உரிமையைப் பறிப்பதா?" என்ற எதிர்வாதத்தில் வழக்கு சிக்கியிருக்கும். தகவல் கேட்டதால், "வாக்காளருக்கு இது தெரியக் கூடாது" என்று வெளிப்படையாக வாதாட வேண்டிய நிலைக்கு எதிர்த்தரப்பு தள்ளப்பட்டது.

2000 நவம்பர் 2 அன்று உயர் நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மத்திய அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. மக்கள் சிவில் உரிமைக் கழகமும் தனியாக ஒரு மனுவோடு உச்ச நீதிமன்றம் வந்தது. 2002 மே 2-ஆம் தேதி வந்த தீர்ப்பு, வாக்காளரின் அறியும் உரிமையை அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவில், அதாவது பேச்சு, கருத்துச் சுதந்திரத்தில் கொண்டுவந்து வைத்தது. ஓட்டுப் போடுவதும் ஒருவகைப் பேச்சு; விவரம் தெரியாமல் பேச முடியாது என்பதுதான் அதன் சாரம். சட்டத்தை மீறியவரைச் சட்டம் இயற்ற அனுப்புவதற்கு முன் சாமானியர் ஒருமுறை யோசிக்கட்டும் என்ற பொருளில் நீதிபதிகள் எழுதியிருந்தார்கள்.

அடுத்து நடந்ததுதான் இந்தக் கதையிலேயே முக்கியமான இடம். தீர்ப்பின்படி வேட்பாளர்களிடம் இந்த விவரங்களைக் கேட்டுத் தேர்தல் ஆணையம் ஜூன் 28-ல் உத்தரவு போட்டது. ஜூலை 8-ல் அனைத்துக் கட்சிக் கூட்டம் நடந்தது. எதிலுமே ஒத்துப்போகாத கட்சிகள் இந்த உத்தரவை ஏற்க முடியாது என்பதில் ஒன்றாக நின்றன. ஆகஸ்டில் அவசரச் சட்டம் தயாரானது. பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகாத குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை அதையே மறுபடி அனுப்ப, வேறு வழியில்லாமல் ஆகஸ்ட் 24-ல் கையெழுத்தானது. ஆண்டு முடிவதற்குள் அது நாடாளுமன்றத்தில் நிறைவேறிச் சட்டமும் ஆனது. அதில் 33பி என்று ஒரு பிரிவு. எந்த நீதிமன்றம் என்ன தீர்ப்பு சொல்லியிருந்தாலும், தேர்தல் ஆணையம் என்ன உத்தரவு போட்டிருந்தாலும், இந்தச் சட்டம் கேட்காத எதையும் வேட்பாளர் சொல்ல வேண்டியதில்லை என்றது அது.

ஏடிஆர், மக்கள் சிவில் உரிமைக் கழகம், ஆந்திராவின் லோக் சத்தா ஆகிய மூன்று அமைப்புகளும் திரும்பவும் நீதிமன்றம் போயின. 2003 மார்ச் 13 அன்று 33பி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஒரு தொண்டு நிறுவனம் வெல்ல வேண்டியது ஒரு தடவை மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. வென்றதைப் பறிக்க வருவார்கள். அப்போதும் அதே இடத்தில் நிற்கும் தெம்பு, ஆள், பணம் மூன்றும் இருக்கிறதா என்று முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

படிவம் 26

வேட்பாளர் தன் வழக்குகளையும் சொத்துகளையும் எழுதிக் கொடுக்கும் பிரமாணப் பத்திரம்தான் படிவம் 26. பலரும் இதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள், கையில் எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். முத்திரைத்தாளில், நோட்டரி முத்திரையோடு, பக்கத்துக்குப் பக்கம் வேட்பாளர் கையெழுத்தோடு இருக்கும். முதலில் பான் எண்ணும் கடந்த ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கில் காட்டிய தொகையும். அப்புறம் வழக்குகள்: எஃப்ஐஆர் எண், எந்தக் காவல் நிலையம், எந்த நீதிமன்றம், என்னென்ன பிரிவுகள், குற்றச்சாட்டு பதிவாகிவிட்டதா. பிறகு கையிருப்பு ரொக்கம், வங்கிக் கணக்கில் இருப்பது, பங்குகள், காப்பீடு, கார், நகை எத்தனை கிராம், என்ன மதிப்பு என்று தனித்தனிக் கட்டங்கள். மனைவி அல்லது கணவருக்கு ஒரு கட்டம், சார்ந்திருப்பவர்களுக்கு ஒரு கட்டம். நிலம் என்றால் சர்வே எண்ணோடு. கடன் என்றால் யாருக்கு எவ்வளவு. கடைசியில் படிப்பு.

ஊரில் "அவருக்கு எவ்வளவு சொத்து இருக்கும்?" என்று டீக்கடையில் ஊகித்துக்கொண்டிருந்த விஷயம், அவரே கையெழுத்துப் போட்ட தாளாக தேர்தல் நடத்தும் அலுவலரின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகிறது. பொய் எழுதினால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை.

தாளை வரவழைத்தது முதல் பாதி வேலை. வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே சட்டம் தரும் குறைந்தபட்ச இடைவெளி 14 நாள். ஒரு மாநிலத் தேர்தல் என்றால் ஆயிரக்கணக்கான வேட்பாளர்கள். ஒவ்வொருவரின் பத்திரமும் ஸ்கேன் செய்யப்பட்ட படமாகத்தான் கிடைக்கும். சிலருடையது கையெழுத்தில், படிக்கவே கஷ்டமாக இருக்கும். அவற்றைத் திறந்து, எண்களைக் கூட்டி, எந்தச் சட்டப் பிரிவு கடுமையான குற்றம் என்று பிரித்து, பத்திரிகைகளுக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்க அறிக்கையாக்கி, வாக்குப்பதிவுக்கு முன் வெளியிட வேண்டும். 2002 குஜராத் தேர்தலில் தொடங்கிய இந்த வேலை, மைநேதா என்ற இணையத் தரவுத்தளமாக வளர்ந்தது. வழக்கு வென்றதைவிட இந்த எழுத்தர் வேலையைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். யாருக்கும் தெரியாமல், தேர்தலுக்குத் தேர்தல், சலிக்காமல் செய்ய வேண்டிய வேலை அது.

இந்த வேலையிலிருந்தே அடுத்த வழக்குகளும் முளைத்தன. பஞ்சாபில் ரிசர்ஜென்ஸ் இந்தியா என்ற அமைப்பு பத்திரங்களைப் பார்த்தபோது, பலர் சங்கடமான கட்டங்களை வெறுமனே விட்டிருந்தது தெரிந்தது. கேட்டால் பொய் சொன்னதாக ஆகாது, ஏனென்றால் ஒன்றுமே சொல்லவில்லையே! 2013 செப்டம்பர் 13-ல் உச்ச நீதிமன்றம், கட்டத்தை வெற்றாக விட்டால் நினைவூட்டல் கொடுத்த பிறகும் நிரப்பாதவரின் மனுவைத் தள்ளுபடி செய்யலாம் என்றது. அதே மாதம் 27-ஆம் தேதி, மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2004-லேயே போட்டிருந்த வழக்கில் நோட்டா பொத்தான் வந்தது. இரண்டு அமர்வுகளுக்கும் தலைமை வகித்தவர் ஈரோடு மாவட்டத்துக்காரரான தலைமை நீதிபதி சதாசிவம். லக்னோவின் லோக் பிரஹரி அமைப்பு போட்ட வழக்கில் 2018 பிப்ரவரியில் சொத்தோடு சேர்த்து வருமானம் வந்த வழியையும் சொல்ல வேண்டும் என்று ஆனது. ஒரு அமைப்பு திறந்த கதவில் மற்ற அமைப்புகள் ஒவ்வொன்றாக நுழைந்து, ஆளுக்கொரு ஓட்டையை அடைத்திருக்கின்றன.

கோடு எங்கே இருக்கிறது

ஏடிஆர் தன் அறிக்கைகளில் ஒரு வேட்பாளரைப் பற்றிச் சொல்வதன் அடிப்படை, அவரே சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தது. சட்டத்தைப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

வேட்பாளரின் தனிப்பட்ட குணத்தையோ நடத்தையையோ பற்றிப் பொய்யானது என்று தெரிந்தே தேர்தலைப் பாதிக்கும் நோக்கத்தில் எதையாவது வெளியிட்டால் அது குற்றம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 171ஜி, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 175-ஆவது பிரிவு. வேட்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதியில்லாமல் அவருக்காகப் பொதுக்கூட்டத்துக்கோ விளம்பரத்துக்கோ செலவு செய்வதும் குற்றம். அது 176-ஆவது பிரிவு. அனுமதியோடு செய்தால் அது அவரது செலவுக் கணக்கில் ஏறும். ஆக, ஒரு அமைப்பு ஒரு வேட்பாளரைத் தூக்கிப் பேசினாலும் சிக்கல், தாழ்த்திப் பேசினாலும் சிக்கல். எல்லா வேட்பாளர்களையும் ஒரே அட்டவணையில், ஒரே அளவுகோலில், அவர்கள் சொன்னதை வைத்தே காட்டினால் இரண்டு சிக்கலும் பக்கத்தில் வராது.

வெளிநாட்டுப் பணம் வாங்கும் அமைப்புகளுக்கு இன்னொரு கவலை உண்டு. எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-ன் மூன்றாவது பிரிவு, கட்சிகளும் வேட்பாளர்களும் 'அரசியல் தன்மை கொண்ட' அமைப்புகளும் வெளிநாட்டு நன்கொடை வாங்கத் தடை விதிக்கிறது. பந்த், ஹர்த்தால், சாலை மறியல் என்று பொதுப் பிரச்சினைக்காக அடிக்கடி இறங்கினாலே அரசியல் அமைப்பு என்று சொல்லிவிடலாம் என விதிகள் இருந்தன. இன்சாஃப் என்ற அமைப்பு இதை எதிர்த்துப் போட்ட வழக்கில், 2020 மார்ச் 6-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தெளிவு கொடுத்தது: கட்சி அரசியலோடு தொடர்பில்லாமல் மக்கள் பிரச்சினைக்காக இந்த வழிகளில் போராடும் அமைப்பை இந்தக் காரணம் காட்டித் தடுக்க முடியாது. நம் ஊர்த் தொண்டு நிறுவனங்களில் பலருக்கு இந்தத் தீர்ப்பு தெரியாது. தெரிந்திருந்தால் பாதிப் பயம் போயிருக்கும்.

இதே சட்டம் கட்சிகள் மேல் பாய்ந்தபோது என்ன ஆனது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏடிஆர் போட்ட வழக்கில், 2014 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம், காங்கிரஸ், பாஜக இரண்டுமே வெளிநாட்டு நிறுவனத்தின் துணை நிறுவனங்களிடமிருந்து நன்கொடை வாங்கி எஃப்சிஆர்ஏ சட்டத்தை மீறியிருக்கின்றன என்று தீர்ப்பளித்தது. ஆறு மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. நடவடிக்கை வரவில்லை, சட்டம் மாறியது. 2016 நிதிச் சட்டத்தில் 'வெளிநாட்டு மூலம்' என்பதன் விளக்கம் 2010 முதல் முன்தேதியிட்டுத் திருத்தப்பட்டது. அது போதாமல் 2018-ல் 1976 வரை பின்னால் கொண்டுபோனார்கள். தொண்டு நிறுவனங்களுக்கோ 2020 திருத்தத்தில் விதிகள் இன்னும் இறுகின: டெல்லியில் ஒரே ஒரு வங்கிக் கிளையில்தான் கணக்கு, நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்கு மேல் கூடாது, வாங்கிய பணத்தை வேறு அமைப்புக்கு மாற்றக் கூடாது. இது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம். ஓட்டுக் கேட்பவருக்கு ஒரு அளவுகோல், கேள்வி கேட்பவருக்கு ஒரு அளவுகோல் என்றிருப்பதை ஏற்க முடியவில்லை.

பத்திரத்தின் ரகசிய எண்

தேர்தல் பத்திரம் பற்றிய வழக்கைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்கு நன்கொடை கொடுக்க வங்கியில் வாங்கிய தாள்தான் தேர்தல் பத்திரம். 2017 நிதிச் சட்டத்தில் நான்கு சட்டங்களை ஒன்றாகத் திருத்தி, 2018 ஜனவரி 2-ல் திட்டம் அறிவிக்கப்பட்டது. பாரத ஸ்டேட் வங்கியில் மட்டும் கிடைக்கும். ஆயிரம் ரூபாயிலிருந்து ஒரு கோடி ரூபாய் வரை ஐந்து மதிப்புகள். வாங்கியவர் பெயர் பத்திரத்தில் இருக்காது, 15 நாளுக்குள் கட்சி பணமாக்கிக்கொள்ளலாம். நிறுவனங்கள் லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்றிருந்த வரம்பும் நீக்கப்பட்டது. 2018 ஏப்ரலில் ஒரு பத்திரிகையாளர் ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பத்திரம் வாங்கி ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தார். புற ஊதா ஒளியில் மூலையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரிசை எண் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த எண்தான் ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு எல்லாவற்றையும் திறந்துவிட்டது.

ஏடிஆரும் காமன் காஸ் அமைப்பும் 2017 செப்டம்பரிலேயே உச்ச நீதிமன்றம் போயிருந்தன. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் தனியாக மனு போட்டது. வழக்கு நகரவேயில்லை. 2019 ஏப்ரல் 12-ல், மக்களவைத் தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போது, விவரங்களை மூடிய உறையில் தேர்தல் ஆணையத்திடம் கொடுங்கள் என்று இடைக்கால உத்தரவு மட்டும் வந்தது. 2021-ல் தடை கேட்டபோதும் கிடைக்கவில்லை. இடையில் எத்தனை மாநிலத் தேர்தல்கள் போய்விட்டன! தேர்தல்களுக்கு முன் ஏடிஆர் மறுபடி மறுபடி மனு போட்டது, ஒவ்வொரு ஆண்டும் கட்சிகளின் தணிக்கை அறிக்கைகளை எடுத்து, பத்திரம் மூலம் யாருக்கு எவ்வளவு வந்தது என்று வெளியிட்டுக்கொண்டே இருந்தது.

2024 பிப்ரவரி 15-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு திட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது. மார்ச் 6-க்குள் விவரம் தர வேண்டிய ஸ்டேட் வங்கி, ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. ஜூன் 30 என்றால் மக்களவைத் தேர்தலே முடிந்து, புதிய அரசும் அமைந்திருக்கும். ஏடிஆர் உடனே நீதிமன்ற அவமதிப்பு மனு போட்டது. மார்ச் 11-ல் நீதிமன்றம் அவகாசத்தை மறுத்தது. மறுநாளே வங்கி விவரங்களைக் கொடுத்துவிட்டது. மார்ச் 14-ல் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் பட்டியல் வந்தது. மார்ச் 16-ல் தேர்தல் தேதிகள் அறிவிக்கப்பட்டன. முதல் பட்டியலில் வாங்கியவர் ஒரு பக்கம், பணமாக்கிய கட்சி ஒரு பக்கம், இணைப்பு இல்லை. அந்த ரகசிய எண்களையும் வெளியிடச் சொல்லி நீதிமன்றம் மறுபடி உத்தரவிட, மார்ச் 21-ல் அதுவும் வந்தது. தமிழ்நாடு ஓட்டுப் போட்டது ஏப்ரல் 19-ல். அதற்குள் யார் பணம் யாருக்குப் போனது என்று வரிக்கு வரி பார்க்க முடிந்தது. 2019 ஏப்ரலுக்குப் பிந்திய கணக்கில் பாஜகவுக்கு ஏறத்தாழ 6,060 கோடி ரூபாய், திரிணமூல் காங்கிரஸுக்கு 1,600 கோடி, காங்கிரஸுக்கு 1,400 கோடி.

ஆறரை ஆண்டு நடந்த வழக்கின் பலன், தேர்தலுக்கு முந்தைய ஐந்து வாரங்களில் வாக்காளரின் கைக்கு வந்து சேர்ந்தது. ஏடிஆர் மார்ச் முதல் வாரத்தில் தூங்கியிருந்தால், நான்கு மாத அவகாசம் கிடைத்திருந்தால், அதே தகவல் பழைய கணக்காகிப் போயிருக்கும்.

தோற்ற இடங்கள்

அதே தேர்தலில் ஏடிஆர் இரண்டு முறை தோற்றது. வாக்கு இயந்திரத்தின் ஒப்புகைச் சீட்டுகளை முழுவதும் எண்ண வேண்டும் என்ற மனு ஏப்ரல் 26-ல் தள்ளுபடியானது. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் பதிவான வாக்குகளைக் காட்டும் படிவம் 17சி-யை 48 மணி நேரத்துக்குள் இணையதளத்தில் போட வேண்டும் என்ற மனுவில், மே 24-ல், ஆறாம் கட்ட வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள், நீதிமன்றம் தலையிட மறுத்தது. தேர்தல் பாதியில் இருக்கும்போது கைவைக்க முடியாது என்றது. தேர்தல் நடைமுறையை மாற்றச் சொல்லிக் கேட்பதற்கு, தேர்தல் நடக்கும் நேரம்தான் மிக மோசமான நேரம். தகவலைப் பரப்புவதற்கு அதுதான் மிக நல்ல நேரம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு சக்தியை வீணாக்கும் அமைப்புகள் நிறைய.

இன்னொரு தோல்வி ஆழமானது. அதைப் பேசாமல் இந்த ஆய்வு நேர்மையாக இருக்காது. ஏடிஆரின் கணக்குப்படியே, தங்கள் மீது குற்ற வழக்கு உள்ளதாக அறிவித்து மக்களவைக்கு வென்றவர்கள் 2009-ல் 30 சதவீதம், 2014-ல் 34, 2019-ல் 43, 2024-ல் 46 சதவீதம். அதாவது 543-ல் 251 பேர். கோடீஸ்வர உறுப்பினர்கள் 58 சதவீதத்திலிருந்து 93 சதவீதமானார்கள். 2024-ல் வழக்கு உள்ள வேட்பாளர் வெல்லும் வாய்ப்பு 15.3 சதவீதம், இல்லாதவருக்கு 4.4 சதவீதம். தகவல் வெளியே வந்தது, விஷயம் மோசமானது.

இதைப் பார்த்து "தகவலால் பயனில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலாவது, வழக்கு என்றால் எல்லாம் ஒன்றில்லை. மறியல் செய்ததற்கான வழக்கும் கொலை முயற்சி வழக்கும் ஒரே எண்ணிக்கையில் விழுகின்றன. அதனால்தான் கடுமையான வழக்குகளைத் தனியாகப் பிரிக்கிறார்கள். அதுவே 2024-ல் 31 சதவீதம். இரண்டாவது, தொகுதியில் நிற்கும் முக்கியக் கட்சி வேட்பாளர்கள் எல்லோர் மீதும் வழக்கு இருந்தால் வாக்காளர் என்ன செய்வார்? சீட்டுக் கொடுப்பது கட்சி. அந்த இடத்தில் ஏடிஆரின் அட்டவணை வேலை செய்யாது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வழக்கு உள்ளவரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று கட்சிகள் காரணம் சொல்லி வெளியிட வேண்டும் என்று உத்தரவிட்டதும் இதனால்தான். பத்திரிகையில் வரும் அந்த அறிவிப்புகளை ஒருமுறை படித்துப் பாருங்கள். 'மக்களிடம் செல்வாக்குள்ளவர்', 'வழக்கு அரசியல் பழிவாங்கல்' என்ற ஒரே வாசகம் எல்லோருக்கும் பொருந்துகிற மாதிரி இருக்கும்.

வேறு இரண்டு வழிகள்

ஏடிஆர் போன வழி மட்டும்தான் வழி என்று சொல்ல முடியாது. லோக் சத்தா 1996-ல் ஐஏஎஸ் வேலையை விட்டு வந்த ஜெயப்பிரகாஷ் நாராயண் தொடங்கிய அமைப்பு. அது 2006-ல் கட்சியானது. 2009 ஆந்திர சட்டமன்றத் தேர்தலில் குக்கட்பள்ளி தொகுதியில் அவர் ஒருவர் மட்டும் வென்றார். கட்சியானதும், முன்பு எல்லா வேட்பாளர்களையும் எடைபோட்ட தராசு அவர்கள் கையிலிருந்து போய்விட்டது. அதற்காக அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் திரும்பி வர முடியாத பாதை என்று தெரிந்து போக வேண்டும்.

ராஜஸ்தானின் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற கூலித் தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு தெருவில் உட்கார்ந்தது. பஞ்சாயத்துச் செலவுக் கணக்கின் நகலைத் தருவோம் என்று முதலமைச்சர் 1995-ல் சட்டமன்றத்தில் சொல்லி ஓராண்டாகியும் உருப்படியான உத்தரவு வரவில்லை. 1996 ஏப்ரல் 6-ல் பியாவர் நகரில் தர்ணா தொடங்கியது. அதே ஏப்ரல், மே மாதங்களில்தான் மக்களவைத் தேர்தல். ஓட்டுக் கேட்டு வருகிற எல்லோரும் கணக்குக் கேட்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்க வேண்டியிருந்தது. கிராமங்களிலிருந்து தானியம் வந்தது, 40 நாள் தாக்குப்பிடித்தார்கள். அந்த இயக்கத்தின் ஒரு கிராமத்துப் பெண், தன் மகனிடம் பத்து ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால் கணக்குக் கேட்கிறேன், என் பெயரைச் சொல்லிக் கோடிக்கணக்கில் செலவு செய்கிறவர்களிடம் கேட்கக் கூடாதா என்று கேட்டது பின்னாளில் தகவல் உரிமைச் சட்டம் பற்றிப் பேசும் எல்லோருடைய வாயிலும் வந்தது. அந்தச் சட்டம் 2005 அக்டோபர் 12-ல் நடைமுறைக்கு வந்தது. இவர்களும் எந்தச் சின்னத்துக்கும் ஓட்டுக் கேட்கவில்லை. வருகிற எல்லா வேட்பாளரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

ஒரு சின்ன அமைப்பு என்ன செய்யலாம்

வட்டார அளவில் ஐந்து பேர் வேலை செய்யும் ஒரு அமைப்புக்கு உச்ச நீதிமன்றம் தூரம். ஆனால் தன் தொகுதியின் பிரமாணப் பத்திரங்களை இறக்கிப் படித்து, எல்லா வேட்பாளர்களையும் ஒரே பக்கத்தில் போடுவது இரண்டு நாள் வேலை. அதைத் துண்டுப் பிரசுரமாக அச்சடித்தால், அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் கீழே கட்டாயம் இருக்கட்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு வேட்பாளருக்கு ஆதரவாகவோ எதிராகவோ உள்ள பிரசுரத்துக்கு அதைக் கேட்கிறது. உங்களுடையது அப்படி இல்லை என்று வாதாடுவதைவிட இரண்டு வரி போட்டுவிடுவது நல்லது. உங்கள் கோரிக்கைப் பட்டியலை எல்லா வேட்பாளருக்கும் ஒரே நாளில் கொடுங்கள், வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். ஒரே மேடைக்கு அழைப்பதானால் சுயேச்சைகளையும் சேர்த்து அழையுங்கள். வராதவரின் நாற்காலியைக் காட்டிப் பேசாதீர்கள். காவல்துறை அனுமதியும் ஒலிபெருக்கி அனுமதியும் வாங்கிவிடுங்கள். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள்.

அலுவலகத்துக்குள்ளும் கவனம் வேண்டும். ஊழியர் ஒருவர் தன் சொந்த நேரத்தில் ஒரு கட்சிக்கு வேலை செய்வது அவர் உரிமை. அதை அமைப்பின் லெட்டர்ஹெட்டில், அமைப்பின் வண்டியில், பயனாளிகளுக்காகத் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் செய்வதுதான் பிரச்சினை. நான் பார்த்தவரை, அமைப்புகள் மாட்டிக்கொள்வது பெரிய மேடைகளில் பேசி இல்லை. சுயஉதவிக் குழுப் பெண்கள் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் நள்ளிரவில் யாரோ அனுப்பிய ஒரு கட்சிப் படத்தால்தான்.

ஏடிஆரின் வேலை 2024 தேர்தலோடு நின்றுவிடவில்லை. 2025-ல் பீகாரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தை எதிர்த்து முதலில் நீதிமன்றம் போனவர்களில் அவர்களும் உண்டு. ஆகஸ்ட் 1-ல் வந்த வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லை. யார் அவர்கள், ஏன் இல்லை என்று எங்கும் தெரியவில்லை. ஆகஸ்ட் 14-ல் உச்ச நீதிமன்றம், நீக்கப்பட்ட ஒவ்வொரு பெயரையும் காரணத்தோடு வெளியிடச் சொன்னது. வாக்காளர் அட்டை எண்ணைப் போட்டுத் தேடும்படி இணையதளத்திலும், படிக்க இணையம் இல்லாதவர்களுக்காகப் பஞ்சாயத்து அலுவலகங்களிலும். சில நாட்களில் பட்டியல் சுவர்களில் ஒட்டப்பட்டது. தன் பெயருக்கு எதிரே 'இறந்துவிட்டார்' என்று எழுதியிருந்ததை உயிரோடு இருப்பவர்களே அந்தச் சுவரில் படித்துவிட்டு மனு எழுதப் போக முடிந்தது.